தோகிவாதைராவில் ஒரு கெட்டில்

டோக்கியோ போய்வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஷிபுயா நாற்சந்தி வரும், ஃபுஜி மலை வரும், புல்லட் ரயில் கட்டாயம் வரும். தோகிவாதைரா வராது. அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்பதுதான் காரணம். சிபா மாகாணத்து மட்சுதோ நகரில், அரசு வீட்டுவசதிக் கழகம் கட்டி 1960இல் ஆட்களைக் குடியேற்றத் தொடங்கிய பழைய குடியிருப்பு அது. பெரும்பாலும் நாலு மாடிக் கட்டடங்கள், சுமார் 4,800 வீடுகள், லிஃப்ட் கிடையாது. ஆனால் வயதானவர்கள் வீட்டில் தனியாக இருப்பதைப் பற்றி ஜப்பானில் பேச்செடுத்தால், பேச்சு எப்படியோ இந்தக் குடியிருப்பில் வந்து நிற்கிறது. எனக்கு ஃபுஜி மலையைவிட இதைப் பார்க்கத்தான் ஆசை.

நான் தங்கியிருந்தது நிஷிகசாயில், காலமான என் நண்பரின் மகன் வீட்டில். 2000ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இந்தியர்கள் கூட்டமாகக் குடியேறிய பகுதி. அங்கிருந்து தோசாய் ரயிலில் கிழக்கே நிஷிஃபுனபாஷி, அங்கே முசாஷினோ ரயிலுக்கு மாறி ஷின்யாஹஷிரா, இறங்கிப் பக்கத்து நிலையத்துக்கு நடந்து போய் கெய்சேய் மட்சுதோ லைனில் ஒரே ஒரு ஸ்டேஷன். நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. ஜப்பானில் 65 வயதைத் தாண்டியவர்கள் 29.4 சதவீதம் என்று 2025 செப்டம்பரில் அரசு வெளியிட்ட கணக்கு சொல்கிறது. எங்கள் பெட்டியில் எண்ணியிருந்தால் பாதிக்கு மேல் வந்திருக்கும். யாரும் யாருடனும் பேசவில்லை. தாழ்ந்த குரலில் தமிழ் பேசிக்கொண்டிருந்த நானும் நண்பரின் மகனும்தான் சத்தம்.

நண்பரின் மகனோடு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு ஜப்பானியப் பெண்மணி ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தார். அவருடைய அம்மா இந்தக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். வயது 84. "அம்மா உங்களுக்காகக் காலையிலேயே வெந்நீர் போட்டுவிட்டார்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கைபேசியைக் காட்டிச் சிரித்தார். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

குடியிருப்புக்குள் நடந்தோம். சாலையின் இரண்டு பக்கமும் கெயாகி மரங்கள் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தன. இன்னொரு சாலை முழுக்கச் செர்ரி மரங்கள். கட்டடங்கள் வரிசையாக நிற்க, நடுநடுவே சில மட்டும் மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் போல மூன்று பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அமைப்பில் இருந்தன. மூன்று பக்கமும் வெயிலும் காற்றும் வர வேண்டும் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். 1960இல் இங்கே வீடு கிடைப்பது அதிர்ஷ்டம். குலுக்கல் போட்டுத்தான் கொடுத்தார்கள். சொந்தக் குளியலறை, தண்ணீர் ஊற்றும் கழிப்பறை எல்லாம் அன்றைக்கு ஜப்பானில் பெரிய விஷயம். வந்தவர்கள் பெரும்பாலும் கல்யாணமாகிச் சில வருஷம் ஆன இளம் ஜோடிகள். மூன்று மாடி ஏறுவது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. லிஃப்ட் எதற்கு என்று கட்டியவர்களும் கேட்கவில்லை, குடிவந்தவர்களும் கேட்கவில்லை.

இந்த இடத்தின் பெயர் நாடு முழுக்கத் தெரியவந்தது 2001இல். 69 வயதுக்காரர் ஒருவர் தன் வீட்டுக்குள் இறந்து மூன்று வருஷம் கழித்துக் கண்டெடுக்கப்பட்டார். அந்த மூன்று வருஷமும் வாடகை பாக்கியில்லை. மின்சாரக் கட்டணமும் பாக்கியில்லை. எல்லாம் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகவே போய்க்கொண்டிருந்தன. கணக்கில் பணம் தீர்ந்த பிறகுதான் ஆள் தேடி வந்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை. முதியவர்களை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கத் தொழில்நுட்பம் உதவும் என்று எல்லாரும் பேசுகிறோம். இங்கே அது செத்துப்போனவரை மூன்று வருஷம் ஒழுங்கான வாடகைதாரராக வைத்திருந்தது.

இப்படித் தனியாக இறந்து கிடப்பதற்கு ஜப்பானில் கோதோகுஷி என்று பெயர். போலீஸ் துறை முதல்முறையாக முழு வருஷக் கணக்கை 2025இல் வெளியிட்டது: 2024இல் தனியாக வாழ்ந்து வீட்டிலேயே இறந்து கிடந்தவர்கள் 76,020 பேர். அதில் 58,044 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். தனிமையைக் கவனிக்கவென்றே 2021இல் ஓர் அமைச்சரை நியமித்தார்கள். 2024 ஏப்ரலில் அதற்கென ஒரு சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

மூன்றாம் மாடி ஏறியதில் எனக்கு மூச்சு வாங்கியது. அந்த அம்மா தினமும் ஒருமுறையாவது இறங்கி ஏறுகிறாராம். கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற ஒரு படி. அந்தப் படியை ஒட்டிச் சுவரில் மரத்தாலான கைப்பிடி. கழிப்பறையில் ஒன்று, குளியலறையில் இரண்டு. தொட்டுப் பார்த்தேன்; பூசை அறை விளக்குத் தண்டு போல வழவழவென்று கைபட்டுத் தேய்ந்திருந்தது.

இந்தக் கைப்பிடிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. 2000 ஏப்ரலில் ஜப்பான் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. நாற்பது வயதானவுடன் எல்லாரும் சந்தா கட்டியாக வேண்டும். முதுமையில் யாருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று வீட்டுக்கு வந்து பார்த்து ஏழு படிநிலைகளில் ஒன்றில் வைக்கிறார்கள். அதன்படி வீட்டுக்கு ஆள் வருவார்கள், கட்டில், சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். வீட்டைத் திருத்திக்கொள்ளவும் இரண்டு லட்சம் யென் வரை இடம் உண்டு. வருமானத்தைப் பொறுத்து அதில் பத்து முதல் முப்பது சதவீதம்தான் நாம் தர வேண்டும். எதற்கெல்லாம் கொடுப்பார்கள் என்று பட்டியலே இருக்கிறது. சுவரில் கைப்பிடி, தரையில் மேடுபள்ளம் நீக்குவது, வழுக்காத தரை, தள்ளித் திறக்கும் கதவுக்குப் பதில் இழுத்து நகர்த்தும் கதவு, உட்கார்ந்து எழ வசதியான கழிப்பறை. மின்சாரமே தேவைப்படாத சாமான்கள். தொழில்நுட்பம் என்றதும் நமக்கு ரோபோவும் செயலியும்தான் ஞாபகம் வருகின்றன. வீட்டில் ஒருவர் விழாமல் இருக்க அதிகம் உதவுவது இந்தக் கட்டைதான் என்பது என் கட்சி.

குளியலறையைக் காட்டுங்கள் என்று கேட்பது எந்த ஊரிலும் மரியாதையில்லை. நான் கேட்டேன். அந்த அம்மா கூச்சப்படாமல் கூட்டிக்கொண்டு போனார். ஜப்பானியருக்குக் கழுத்தளவு வெந்நீரில் உட்காருவது சாப்பாடு மாதிரி; அதுதான் ஆபத்தும். குளிர்காலத்தில் உடை மாற்றும் இடம் சில்லென்று இருக்கும், தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும், ரத்த அழுத்தம் ஏறி இறங்கி மயக்கம் வந்து தண்ணீருக்குள்ளேயே மூழ்கிவிடுகிறார்கள். ஜப்பானில் சாலை விபத்தில் சாகும் முதியவர்களைவிட இப்படிக் குளியல் தொட்டியில் சாகிறவர்கள் அதிகம். தண்ணீர் 41 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, பத்து நிமிஷத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று அரசே சொல்லிக்கொண்டிருக்கிறது.

சுவரில் ஒரு சின்னப் பலகை. அதில் தண்ணீரின் சூட்டை எண்ணாக அமைத்துவிடலாம். தொட்டி நிறைந்ததும் ஒரு மெட்டு பாடி, குளியல் தயார் என்று பெண் குரலில் சொல்லும். கூப்பிடு என்று ஒரு பொத்தான்; அழுத்தினால் சமையலறையில் மணி அடிக்கும். சமையலறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "யாருமில்லை. அதனால்தான் நான் அதை அழுத்துவதில்லை" என்றார் அந்த அம்மா. மகள் தரையைப் பார்த்தார். எனக்குப் பிடித்தது கதவு. மடிந்து திறக்கும் கதவு. உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், வெளியிலிருந்தே அதைக் கழற்றி எடுத்துவிடலாம். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாளுக்கு வெளிப்பக்கம் ஒரு சின்னப் பள்ளம். ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும். நம் வீடுகளில் உள்ளே இரும்புத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளிக்கப் போகிற பாட்டி விழுந்துவிட்டால் கடப்பாரை தேட வேண்டும்.

கேஸ் அடுப்பில் பர்னரின் நடுவில் ஒரு பித்தளைக் குமிழ் மாதிரி ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது. பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வெப்ப உணரி அது. எண்ணெய் தீப்பிடிக்கும் சூட்டுக்குப் போகும் முன்பே கேஸை நிறுத்திவிடும். நெருப்பு அணைந்துபோனாலும் கேஸ் நிற்கும். 2008லிருந்து ஜப்பானில் விற்கும் வீட்டு அடுப்புகளில் இப்படிப் பாதுகாப்பு இருந்தாக வேண்டும். வெளியே இருக்கும் கேஸ் மீட்டரும் சும்மா இருப்பதில்லை. பலத்த நிலநடுக்கம் வந்தாலோ, கேஸ் வழக்கத்துக்கு மாறாக வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தாலோ தானாக அடைத்துக்கொள்ளும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவது உலகப் பொதுவான வியாதி. நம் ஊர்க் கடைகளில் விற்கும் அடுப்புகளில் பெரும்பாலானவற்றில் இந்தக் குமிழ் இல்லை. ஏன் இல்லை என்று கேட்கிறவர்களும் இல்லை.

இனி கெட்டில். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது, வெள்ளையாக, நம் ஃப்ளாஸ்க்கைவிடக் கொஞ்சம் பருமனாக. உள்ளே நாள் முழுக்க வெந்நீர் சூடாக இருக்கும். பொத்தானை அழுத்தினால் கொட்டும். ஜோஜிருஷி என்று யானைப் படம் போட்ட கம்பெனி. ஒசாகாவில் 1918இல் ஃப்ளாஸ்க் செய்யத் தொடங்கியவர்கள். இந்தக் கெட்டிலின் வயிற்றுக்குள் கைபேசியில் இருப்பது போன்ற ஒரு தொடர்புச் சாதனம் இருக்கிறது. யாராவது வெந்நீர் பிடித்தால் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். நாளைக்கு இரண்டு முறை மகளுக்கு மின்னஞ்சல் போகும்: காலை 6:10, 7:45, 10:20. அவ்வளவுதான் செய்தி. வெளியே போகும்போது அழுத்த ஒரு பொத்தானும் உண்டு.

இது பிறந்த கதை துக்கமானது. 1996இல் டோக்கியோவின் இகேபுகுரோவில் ஒரு வயதான தாயும் நோயாளி மகனும் வீட்டுக்குள்ளேயே இறந்துபோய் நாள் கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்தார்கள். அந்தச் செய்தியால் கலங்கிய ஒரு மருத்துவர், தினமும் கைபடும் ஒரு வீட்டுச் சாமானை வைத்து இதற்கு வழி செய்ய முடியாதா என்று கம்பெனியை அணுகினார். 2001இல் கெட்டில் சேவைக்கு வந்தது. அப்போது கைபேசியில் இணையம் என்பதே புதுசு. அதற்குப் பிறகு எத்தனையோ கருவிகள் வந்து போய்விட்டன. கெட்டில் இன்னும் இருக்கிறது. விலைக்குக் கிடையாது, மாத வாடகைதான்.

ஏன் நிலைத்தது என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததற்கு அந்த அம்மாவே விடை சொன்னார். மகள் ஆங்கிலத்தில் சொல்ல, நண்பரின் மகன் எனக்குத் தமிழில் சொன்னான். "நான் நன்றாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று தினமும் இவளுக்குப் போன் போட்டுச் சொல்ல என்னால் ஆகாது. தேநீர் நான் எனக்காகக் குடிக்கிறேன். அதிலிருந்து இவள் எதைத் தெரிந்துகொள்கிறாளோ தெரிந்துகொள்ளட்டும்."

புதிதாக எதையும் கற்றுக்கொள்ளச் சொல்லாத கருவி. கழுத்தில் மாட்டிக்கொள், சார்ஜ் போடு, அப்டேட் கொடு என்று கேட்காத கருவி. அவருக்கு ஏற்கெனவே இருந்த பழக்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. முகத்தையும் பார்க்காது, பேச்சையும் கேட்காது.

கெட்டிலைக் கொண்டாடிக்கொண்டே போக முடியாது. போன கோடையில் ஒரு நாள் நண்பகல் வரை மின்னஞ்சலில் ஒரு நேரமும் இல்லையாம். மகள் போன் செய்திருக்கிறார், எடுக்கவில்லை. பதறிப்போய்க் கீழ்வீட்டு அம்மாளைக் கூப்பிட்டார். அவரிடம் ஒரு சாவி உண்டு. அவர் திறந்து பார்த்தால், அம்மா ஃபிரிட்ஜில் வைத்த பார்லித் தேநீரைக் குடித்துக்கொண்டு, காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கோடையில் ஜப்பானில் எல்லாரும் குளிர்ந்த பார்லித் தேநீர்தான் குடிப்பார்கள். யாருக்கு வேண்டும் வெந்நீர்? இரண்டாவது குறை இன்னும் பெரியது. காலை ஏழு மணிக்கு வெந்நீர் பிடித்துவிட்டு ஏழேகாலுக்கு ஒருவர் விழுந்தால், மதியத்துக்கு மேல்தான் சந்தேகமே வரும். கெட்டில் ஆளைக் காப்பாற்றுகிற கருவி என்று சொல்ல மாட்டேன். மூன்று வருஷம் என்பதை அரை நாளாகக் குறைக்கிற கருவி. அந்தக் கதையில் உண்மையாக வேலை செய்தது கீழ்வீட்டு அம்மாளிடம் இருந்த சாவி.

அந்த அம்மாளையும் பார்த்தேன், குடியிருப்போர் நடத்தும் தேநீர்க்கூடத்தில். 2007இல் ஆரம்பித்தது. 2001இல் ஒன்று, அடுத்த வருஷமே இன்னொன்று என்று மரணங்கள் வந்தபோது, இனி ஒன்றுகூட நடக்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் இறங்கி வேலை செய்தது. அந்த வேலையில் ஒன்று இந்தக் கூடம். நுழைய நூறு யென். காபி கொடுப்பார்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வாங்கிய அட்டைகளைச் சங்கத்தில் வைத்திருக்கிறார்கள். எதிரில் வருகிறவருக்கு வணக்கம் சொல்லுங்கள் என்பதை ஓர் இயக்கமாகவே நடத்துகிறார்கள். முதலில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. காலையில் வந்த ரயில் பெட்டியை நினைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

கூடத்தில் ஆண்கள் குறைவு. தனியாகச் சாகிறவர்களில் ஆண்கள் அதிகம், கூடத்துக்கு வருகிறவர்களில் பெண்கள் அதிகம் என்று பரிமாறிக்கொண்டிருந்தவர் சொன்னார். வரச் சொன்னால் வர மாட்டார்களாம். அப்படிப்பட்ட ஆண்களுக்குத்தான் கருவி தேவைப்படுகிறது. அவர்கள்தான் கருவியையும் வேண்டாம் என்கிறார்கள்.

ஜப்பானியர்கள் இதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: கதவைத் தட்டுகிறவர்களுக்கு வேறொரு காரணம் கொடுத்துவிடுவது. யாகுல்ட் பால் கொண்டுவரும் பெண்கள் 1972லிருந்து இதைச் செய்கிறார்கள். ஃபுகுஷிமா மாகாணத்துக் கோரியாமாவில் ஒரு யாகுல்ட் பெண், தன் வட்டாரத்தில் ஒரு முதியவர் தனியாக இறந்துபோனதைக் கேட்டு, தன் கைக்காசில் பாட்டில் வாங்கித் தனியாக இருப்பவர்களுக்குக் கொடுத்து நலம் விசாரிக்க ஆரம்பித்ததில் தொடங்கியது. பின்னால் நகராட்சிகள் சேர்ந்துகொண்டன. தபால் நிறுவனம் 2017லிருந்து நாடு முழுக்க ஒரு சேவை நடத்துகிறது. கட்டணம் கட்டினால், மாதம் ஒருமுறை ஊழியர் வந்து அரை மணி நேரம் பெற்றோரோடு பேசிவிட்டுப் பிள்ளைக்கு அறிக்கை அனுப்புவார். பிள்ளை போய்ப் பார்க்காமல் தபால்காரரை அனுப்புவதா என்று எனக்கும் முதலில் சுருக்கென்றது. அரை மணி நேரம் கைபேசியைப் பார்க்காமல் அம்மாவோடு பேசுகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கியதும் விட்டுவிட்டேன்.

இந்த வரிசையில் என்னை அதிகம் கவர்ந்தது கழிப்பறை பல்பு. யமாதோ கூரியர் கம்பெனி 2021லிருந்து தருகிறது. பார்க்கச் சாதாரண எல்இடி பல்பு. உள்ளே சிம் இருக்கிறது. வைஃபை வேண்டாம், வயர் இழுக்க வேண்டாம், பழைய பல்பைக் கழற்றி இதை மாட்டினால் முடிந்தது. ஒரு நாள் முழுக்கப் போட்டு அணைக்கப்படாமல் இருந்தால் குடும்பத்துக்குச் செய்தி போகும். குடும்பத்தார் தொலைவில் இருந்தால், கேட்டுக்கொண்டால் கூரியர்காரரே போய்க் கதவைத் தட்டுவார். கெட்டிலில் இல்லாத கால் இதில் இருக்கிறது. கோடையோ குளிரோ, கழிப்பறைக்குப் போகாதவர் யார்?

மறுநாள் விடுமுறை, தேதி 24. சுகாமோவுக்குப் போனேன். வடக்கு டோக்கியோவில் முதியவர்களுக்கென்றே இருக்கும் கடைத்தெரு. 4, 14, 24 தேதிகளில் கோயில் சந்தை கூடும். கைத்தடிகள், உப்புப் பிஸ்கட், அதிர்ஷ்டம் என்று நம்பி வாங்கும் சிவப்பு உள்ளாடைகள். ஒரு பாட்டி பெரிய பொத்தான் கைபேசியில் பேசிக்கொண்டே நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று பொத்தான்களுக்கு மூன்று பேர். அழுத்தினால் நேரே அவர்களுக்குப் போகும் ரகம். 1999லிருந்து டோகோமோ என்ற கைபேசிக் கம்பெனி இப்படிப்பட்ட கைபேசிகளை விற்கிறது. 'நான்தான் பேசுகிறேன்' என்று பேரனைப் போல நடித்துப் பணம் கறக்கிற கூட்டம் அங்கே பெருத்துவிட்டதால், மணி அடிக்கும் முன்பே "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று எதிராளிக்குச் சொல்லும் கருவிகளைப் பல நகராட்சிகள் முதியவர்களுக்கு இரவல் கொடுக்கின்றன. திருடன் பேசாமல் வைத்துவிடுகிறான். எளிய யோசனை, நமக்கு இன்றே தேவையான யோசனை.

ஞாபக மறதியில் வீட்டை விட்டுப் போய்விடுகிறவர்களின் கதை தனி. 2024இல் மட்டும் அப்படிக் காணாமல்போனதாகப் போலீஸில் புகாரானவர்கள் 18,121 பேர். சைதாமா மாகாணத்து இருமா நகரில் 2016இல் ஒன்று செய்தார்கள். ஒரு சென்டிமீட்டர் அளவில் க்யூஆர் குறியீடு அச்சிட்ட ஒட்டுத்தாளை முதியவரின் விரல் நகத்தில் ஒட்டிவிடுவது. உடை மாறலாம், செருப்பு மாறலாம், நகம் எங்கே போகும்? எனக்கு இது பிடிக்கவில்லை. சரக்குக்கு ஒட்டுவதை மனிதருக்கு ஒட்டுவதாகத் தோன்றியது. தன் தாத்தா ஒரு ராத்திரி முழுக்கக் குளிரில் அலைந்ததைப் பார்த்த குடும்பம் என்னோடு ஒத்துப்போகாது, அதுவும் தெரியும்.

ஒதாய்பாவில் உள்ள மிராய்கான் அறிவியல் காட்சிக்கூடத்தில் 2023இல் முதுமைக்கென்று ஒரு பகுதி திறந்திருக்கிறார்கள். கண் மங்குவது, காது மந்தமாவது, கால் கனப்பது எல்லாவற்றையும் பள்ளிப் பிள்ளைகள் விளையாடிப் பார்க்கலாம். பக்கத்திலேயே ரோபோக்கள். பாரோ என்ற சீல் குட்டி பொம்மை ரோபோ 2005லிருந்து விற்பனையில் இருக்கிறது. தடவினால் கண்ணை மூடித் திறந்து முனகும். அதைச் சுற்றித்தான் கூட்டம். நான் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி நிஷிகசாயில் சாப்பாட்டு மேசையில் பேச்சு மன்னார்குடிக்கு வந்தது. நண்பர் போன பிறகு அவர் மனைவி அங்கே தனியாகத்தான் இருக்கிறார். வயது 71. மகன் போன தடவை ஊருக்குப் போனபோது கூடத்தில் ஒரு கேமரா மாட்டிவிட்டு வந்தான். இங்கிருந்து கைபேசியில் பார்க்கலாம், பேசலாம். திறந்து காட்டினான். திரையில் கட்டம் போட்ட துணி.

"துண்டு மாமா. அம்மா அது மேல துண்டைப் போட்டு வச்சிருக்காங்க. எடுக்கச் சொன்னா எடுப்பாங்க. நான் போனை வச்சதும் திரும்பப் போட்ருவாங்க."

அப்போதே கூப்பிட்டான். இங்கே ஒன்பதரை என்றால் அங்கே மாலை ஆறு.

"அண்ணா, நல்லாயிருக்கீங்களா? நீங்களாவது இவன்கிட்ட சொல்லுங்க. நான் என்ன கடைத்தெரு நகைக்கடையா, என்னையக் கேமராவுல பாக்குறதுக்கு? தலைய விரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருப்பேன், புடவைய ஒதுக்கிட்டுக் கால்ல தைலம் தேய்ப்பேன். ஆபீஸ்ல நாலு பேரு இருக்கும்போது இவன் போனைத் திறந்தா?"

"யாரும் பாக்க மாட்டாங்கம்மா."

"நீ பாக்குறேல்லடா."

அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. நான் கெட்டில் கதையைச் சொன்னேன். அந்த யோசனை நண்பரின் மனைவிக்குப் பிடித்திருந்தது; ஆனால் தனக்குக் கெட்டில் ஆகாது, ஐந்து மணிக்கு டிக்காஷன் இறக்கினால் அடுப்பில்தான் என்றார். பிறகு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து அவருடைய நாளைக் கணக்குப் போட்டோம். காலை மோட்டார், அப்புறம் மிக்சி, ஏழு மணிக்கு சீரியல். டிவிக்கு ஒரு ஸ்மார்ட் பிளக் போட்டால், மின்சாரம் ஓடுகிறதா இல்லையா என்பது மட்டும் மகனுக்குத் தெரியும், முகம் தெரியாது. "அது போடு" என்று உத்தரவு வந்தது. கரண்ட் போனால்? வைஃபை போனால்? வீணாகப் பயம் வரும். அப்போது யார் போய்ப் பார்ப்பார்கள் என்றேன். எதிர்வீட்டில் டெய்லர் குடும்பம் இருக்கிறது, சாவி அவர்களிடம் இல்லை. கொல்லைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள், வாசலுக்கு உள்தாழ்ப்பாள், பாத்ரூமுக்கும் உள்தாழ்ப்பாள். ராத்திரி எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் படுப்பார்.

தமிழ்நாட்டில் இப்படி எத்தனையோ வீடுகள். 2021 கணிப்பின்படி நம் மாநிலத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021லிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கே வருகிற பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கதவைத் தட்ட ஜப்பான் யாகுல்ட் பெண்ணையும் கூரியர்காரரையும் தேடிப் பிடித்தது; நமக்கு இவர்கள் ஏற்கெனவே படியேறி வருகிறார்கள். மாத்திரை கொடுக்கிற கையோடு பாத்ரூமில் கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொள்ள ஒரு கட்டம் அவர்கள் படிவத்தில் சேர்த்தால் போதும். வீட்டைத் திருத்த அரசு கொஞ்சம் பணமும் தந்தால் இன்னும் நல்லது. ஜப்பான் அதைக் கால் நூற்றாண்டாகத் தந்துகொண்டிருக்கிறது.

வெளியூரில் இருந்துகொண்டு அப்பா அம்மாவுக்காக ஆன்லைனில் கேமரா தேடிக்கொண்டிருப்பவர்கள் அதற்கு முன் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். கழிப்பறையிலும் குளிக்கும் இடத்திலும் சுவரைத் துளைத்து, ஆள் தொங்கினாலும் பெயராத எஃகுக் கம்பி. துண்டு போடுகிற கம்பி உதவாது. பாத்ரூம் தாழ்ப்பாளை மாற்றி, வெளியிலிருந்து நாணயத்தால் திறக்கக்கூடிய பூட்டு. அடுத்த வீட்டில் ஒரு சாவி; அவர்களுடைய போன் எண் உங்களிடம், உங்கள் எண் அவர்களிடம். இதற்குப் பிறகு கருவி வாங்குவதென்றால், எதை வைக்கலாம் என்று அம்மாவிடமே கேளுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567 நாடு முழுக்க வேலை செய்கிறது, தமிழிலும் பேசலாம். பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். காலை எட்டு முதல் இரவு எட்டு வரைதான் அதில் ஆள் இருப்பார்கள். எட்டு மணிக்கு மேல் அடுத்த வீட்டுச் சாவிதான்.